மிச்சமிருக்கும் நான்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரைகளை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

வடசென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் உங்கள் அம்மாவுக்குச் சிறுநீர் எரிச்சலுக்காகச் சிப்ரோஃப்ளாக்ஸசின் 500 மில்லிகிராம் காலை, இரவு என 7 நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்; ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றதும் அவர் நிறுத்திவிட்டார்; அட்டையில் நான்கு மாத்திரைகள் மிச்சம். இப்போது 64 வயதான அப்பாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கும் இலேசான காய்ச்சலும். அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், இளைப்புக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரையும் சாப்பிடுகிறவர். பக்கத்து வீட்டு அக்கா, வயிற்றுக்கு அதே மாத்திரைதான், கொடு என்கிறார். உங்கள் தம்பியோ, இந்த மாத்திரை குதிகால் நரம்பை அறுத்துவிடும், அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள் என்று கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டுகிறார். இது நல்ல மாத்திரையா, கெட்ட மாத்திரையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே வீட்டில் கிடக்கும் ஓர் அட்டையை வைத்துச் சிகிச்சையை ஆரம்பிக்கலாமா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என் பதில், கொடுக்காதீர்கள் என்பது. ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நான் மருத்துவர் அல்ல, மருந்தாளுநர். படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்திலும், அதன் பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் கடையிலுமாக 24 ஆண்டுகள் இந்த வேலையில் இருக்கிறேன். மருந்து உடலுக்குள் என்ன செய்யும், எதோடு சேர்ந்தால் கெடுதல், எப்படி வைக்க வேண்டும் என்பவற்றை நான் உறுதியோடு சொல்ல முடியும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்பதை அவரைத் தொட்டுப் பார்க்காத நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதனால் முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓ.ஆர்.எஸ்., உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கும் பொட்டலமாகப் பார்த்து வாங்கி, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். சர்க்கரைக்காரருக்கு இதைக் கொடுக்கலாமா என்று கடையில் தினமும் கேட்பார்கள். ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ். அந்தக் குளுக்கோஸ் துணைக்கு இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் நன்றாக உறிஞ்சும், ஆகவே அதற்குப் பயந்து கொடுக்காமல் இருப்பது தவறு. சாப்பிடாமல் கிளிமிபிரைடு போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். நீர் வற்றிய உடம்பில் மெட்ஃபார்மினும் தொந்தரவு தரலாம். ஆகவே இந்த இரண்டையும் என்ன செய்வது என்று அவருக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை இன்றே கேளுங்கள். காய்ச்சல் இருக்கும்போது போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைத் தானாகக் கொடுக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைவது, நிற்காத வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, கஞ்சித்தண்ணீர் போல் கொட்டுவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, தண்டையார்பேட்டையில் உள்ள மாநகராட்சித் தொற்றுநோய் மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து இரண்டும் தூரமில்லை.

இனி மருந்தைப் பற்றி. சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் எல்லாம் ஃப்ளூரோகுயினோலோன் என்ற ஒரே குடும்பம். அட்டையின் முன்பக்கம் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும், பின்பக்கத்தில் மருந்தின் பெயர் 'ஃப்ளாக்ஸசின்' என்று முடிந்தால் அது இந்தக் குடும்பம் என்று அறிந்துகொள்ளலாம். மலேரியாவுக்கான குளோரோகுயின் தயாரிக்கும் வழியில் உண்டான ஒரு துணைப்பொருளை ஆராய்ந்தபோது 1962-இல் வெளிப்பட்ட நாலிடிக்ஸிக் அமிலம்தான் இதன் மூதாதை. அதில் ஒரு ஃப்ளூரின் அணுவைச் சேர்த்த பிறகு அதன் வலிமை பல மடங்கு கூடியது; 1980-களின் இறுதியில் சிப்ரோஃப்ளாக்ஸசின் உலகச் சந்தைக்கு வந்தது. பாக்டீரியா தன் டி.என்.ஏ. இழையை முறுக்கவும் பிரிக்கவும் பயன்படுத்தும் இரண்டு நொதிகளை இது பிடித்து நிறுத்திவிடுகிறது. இழை அறுந்து பாக்டீரியா சாகிறது. வைரஸுக்கு அந்த நொதிகள் இல்லாததால், சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவற்றில் இதற்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

இதற்கு உண்மையான வேலை இருக்கும் இடங்கள் சில உண்டு, அங்கே இதற்கு ஈடான மாத்திரை கிடைப்பது கடினம். வாயால் சாப்பிட்டாலே ஊசிக்கு நிகராக இரத்தத்தில் ஏறும் குணம் இதன் பெரிய பலம். சிப்ரோஃப்ளாக்ஸசினில் ஏறத்தாழ 70 சதவீதமும், லெவோஃப்ளாக்ஸசினில் கிட்டத்தட்ட முழுவதும் உட்கிரகிக்கப்படுகிறது. எலும்புக்குள்ளும் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குள்ளும் நன்றாகப் போய்ச் சேரும். சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமிக்கு வாயால் கொடுக்கக்கூடிய மருந்து நடைமுறையில் இந்தக் குடும்பம் மட்டும்தான்; சர்க்கரை நோயாளிகளின் காதுக்குள் எலும்பு வரை அரித்துச் செல்லும் தொற்றில் பல உயிர்களை இது காப்பாற்றியிருக்கிறது. சிறுநீரகம் வரை ஏறிய தொற்றில், கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை இது கேட்கும் என்று காட்டினால், நல்ல மருந்து. பிளேக், ஆந்த்ராக்ஸ் போன்றவற்றுக்கும் உண்டு. 2001-இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் பொடி வந்தபோது மக்களுக்குத் தடுப்பாகக் கொடுக்கப்பட்ட முக்கிய மருந்து சிப்ரோஃப்ளாக்ஸசின்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு லெவோஃப்ளாக்ஸசினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் முதுகெலும்பு போன்றவை. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பகுதிக்கு அதுதான் மிக முக்கியம்.

அப்படியானால் வயிற்றுப்போக்குக்கு ஏன் வேண்டாம்? முதல் காரணம், திடீர் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை ஆன்டிபயாடிக் எதுவும் இல்லாமலே, நீரும் உப்பும் ஈடு செய்தாலே இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். மாத்திரை போட்ட மறுநாள் நின்றது என்றால், போடாவிட்டாலும் அன்று நின்றிருக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாவது, உண்மையிலேயே மருந்து வேண்டிய வகைகளில்கூட இது இப்போது நம்பிக்கையான மருந்து இல்லை. குளோரம்ஃபெனிக்கால் மருந்துக்கு டைஃபாய்டு கிருமி அடங்காமல் போனபோது சிப்ரோஃப்ளாக்ஸசின் கைகொடுத்தது. அந்தக் காலத்து வெற்றியின் நினைவுதான் இன்றும் மக்களிடம் இருக்கிறது. இன்று இந்தியாவில் கிடைக்கும் டைஃபாய்டு கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை இதற்கு முழுதாக அடங்குவதில்லை. அதனால் செஃப்ட்ரியாக்ஸோன், செஃபிக்ஸிம், அசித்ரோமைசின் பக்கம் மருத்துவர்கள் போய்விட்டார்கள். காலராவுக்கு முதல் மருந்து கரைசல்தான், அதற்குத் துணையாக டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். ஆஃப்ளாக்ஸசினும் அமீபாவுக்கான ஆர்னிடசோலும் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் கடைகளில் அவ்வளவு விற்பதற்குக் காரணம், இரண்டு வகைக் கிருமியில் எதுவானாலும் ஒன்று அடிக்கட்டும் என்ற எண்ணம். ஒரே நேரத்தில் அமீபாவும் பாக்டீரியாவும் ஒருவரின் குடலைத் தாக்குவது அபூர்வம். தேவையில்லாத ஒரு மருந்தை, பல நேரங்களில் இரண்டையுமே, விழுங்குகிறோம் என்பதே அதன் பொருள்.

மழைக்காலம் முடிந்த நாட்களில் காய்ச்சலோடு வருகிறவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல், டைஃபாய்டு எல்லாமே முதல் மூன்று நாட்கள் ஒரே முகத்தோடுதான் வரும். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் கேட்கும், இந்தக் குடும்பத்தை நம்ப முடியாது. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதற்கு முன்பே நான்கு மாத்திரை உள்ளே போய்விட்டால், பிளட் கல்ச்சரில் கிருமி வளராமல் போகும். நோயும் முழுதாகப் போகாது. அரைகுறை மருந்து சாப்பிட்டு வந்தவரின் காய்ச்சலுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு கடினம் என்று மருத்துவமனை மருந்தகத்தில் இருந்த காலத்தில் நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இருமலுக்கு வருகிறேன். வடசென்னையில் நெருக்கமான வீடுகள், தூசி, லோடு வேலை, கூட்டமான பேருந்து. காசநோய் நமக்குப் பழகிய நோய். வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, வீட்டு வேலைக்குச் செல்பவர், இரண்டு மாத இருமலோடு என் கடைக்கு வந்தார். அதற்குள் மூன்று முறை, மூன்று இடங்களில், லெவோஃப்ளாக்ஸசின் ஐந்தைந்து நாள் சாப்பிட்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்ப வந்தது. அந்தக் 'கொஞ்சம் குறைந்ததில்'தான் ஆபத்து இருந்தது. இந்த மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால் சளியில் கிருமி தெரியாமல் மறையும், இருமல் தணியும், நோயாளியும் குடும்பமும் நிம்மதி அடைவார்கள், நுரையீரல் உள்ளே அரிபட்டுக்கொண்டே இருக்கும். ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கும்போது, அதற்கு அடங்காத கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். நாளைக்கு அவருக்கு மருந்து எதிர்ப்புக் காசநோய் என்று தெரிந்தால், அவரைக் காப்பாற்ற வேண்டிய மருந்தே முன்கூட்டியே செலவாகிப் போயிருக்கும். நான் அவருக்கு மருந்து கொடுக்காமல் ஓட்டேரியில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அனுப்பினேன், காசநோய்தான். சிகிச்சை எடுத்து நலமாக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவர் வேலை செய்த வீடுகளிலும், அவரோடு படுத்துறங்கிய இரண்டு பேரக்குழந்தைகளுக்கும் என்ன பரவியது என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு மையங்களில் அது இலவசம். அதற்கு முன் எந்த 'ஃப்ளாக்ஸசினும்' வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் மருந்து எதிர்ப்புக் காசநோய்க்காக லெவோஃப்ளாக்ஸசினோ மாக்ஸிஃப்ளாக்ஸசினோ மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கலாம். அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நான் அடுத்துச் சொல்லப்போகும் பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு ஒரு நாள்கூட மருந்தை நிறுத்தாதீர்கள். உங்கள் விஷயத்தில் பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதை மருத்துவர்கள் நிறுத்துப் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். இதயத் துடிப்பின் மின்பதிவான ஈ.சி.ஜி.யை அவர்கள் அவ்வப்போது எடுப்பதும் இந்தக் காரணத்துக்காகவே. ஏதாவது வலியோ மரமரப்போ வந்தால் மையத்தில் சொல்லுங்கள். மாற்றுவதா தொடர்வதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

இனி உங்கள் தம்பி காட்டிய செய்தி. அமெரிக்காவில் இந்த மருந்தைத் தடை செய்யவில்லை. அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நாண் (செய்தியில் 'நரம்பு' என்றது இதைத்தான்), அறுபடும் அபாயத்துக்காக 2008-இல் மிகக் கடுமையான எச்சரிக்கைப் பெட்டியை அட்டைக் குறிப்பில் போடச் சொன்னது. 2013-இல் நரம்புச் சேதத்துக்கான எச்சரிக்கையை வலுவாக்கியது. 2016-இல், சாதாரண சைனஸ் தொற்று, மூச்சுக்குழல் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகிய மூன்றுக்கும் வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. 2018-இல் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்குவது, மனக்குழப்பம், பெருந்தமனி வீங்கி வெடிப்பது ஆகியவற்றையும் சேர்த்தது. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், 2024 ஜனவரியில், வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் மற்ற ஆன்டிபயாடிக்குகள் பொருந்தாத நிலையில் மட்டுமே இது என்று வரையறுத்தது. நம் நாட்டில் இந்தக் குடும்பத்தில் தடைக்கு உள்ளானது காட்டிஃப்ளாக்ஸசின். சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றி இறக்கியதால் அதன் மாத்திரையும் ஊசியும் 2011-இல் தடை செய்யப்பட்டன. ஆகவே தம்பி காட்டிய செய்தியில் அச்சத்துக்குக் காரணம் உண்மை, 'தடை' என்ற சொல் தவறு.

இவற்றில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தசைநாண் பாதிப்பு உறுதி. பெரும்பாலும் குதிகாலுக்கு மேலே உள்ள கனமான நாண். 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், மாற்று உறுப்பு பொருத்தப்பட்டவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். முதல் மாத்திரைக்குப் பிறகு ஓரிரு நாளிலும் வரலாம், மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்தும் வரலாம். கை கால் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரமரப்பு ஆகியவையும் உறுதி. சர்க்கரைக்காரர்கள் இதைத் தங்கள் பழைய நரம்புத் தொந்தரவு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தூக்கமின்மை, படபடப்பு, முதியவர்களுக்குக் குழப்பம், இதயத் துடிப்பின் தாளம் மாறுவது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பு தூண்டப்படுவது, மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் மோசமாவது ஆகியவையும் நிறுவப்பட்டவை. பெருந்தமனி பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில், கடுமையான தொற்றே காரணமாக இருக்கலாம் என்று தெரிகிறது. இருந்தாலும் தமனி வீக்கம் ஏற்கெனவே இருப்பவர்கள் தவிர்ப்பதே அறிவு. விழித்திரை கழன்றுகொள்வது பற்றிய சந்தேகம் இன்னும் பலவீனமானது. ஏன் இந்தச் சேதம் நடக்கிறது என்பதற்கு, மெக்னீசியத்தை இது பிடித்துக்கொள்வதும் உயிரணுவின் ஆற்றல் உலையைப் பாதிப்பதும் காரணம் என்று கருதுகோள்கள் உண்டு. முடிந்த முடிவு இல்லை. எல்லோருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்கே வருகிறது. ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிக் காட்டும் பரிசோதனை கிடையாது என்பதால்தான், தேவையில்லாத இடத்தில் கொடுக்கக் கூடாது என்கிறோம்.

உங்கள் அப்பாவின் பெயரை இந்த வரிகளுக்கு எதிரே எழுதிப் பாருங்கள். வயது 64. கிளிமிபிரைடோடு இந்த மருந்து சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்; வயிற்றுப்போக்கால் சாப்பிடாமல் இருப்பவருக்கு அது இரட்டை அபாயம். வியர்த்துக் கொட்டுவது, நடுக்கம், பேச்சுக் குழறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அதைவிட முக்கியம், அவருடைய இளைப்பு மாத்திரை. தியோஃபிலினை ஈரலில் சிதைக்கும் நொதியைச் சிப்ரோஃப்ளாக்ஸசின் தடுத்துவிடும். வழக்கமான அளவே இரத்தத்தில் நச்சளவாகச் சேர்ந்து வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, முற்றினால் வலிப்பு வரை கொண்டுபோகும். இளைப்பு கூடும் நாட்களில் அவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தால் தசைநாண் அபாயமும் சேர்கிறது. அம்மாவின் உடம்புக்கு எழுதிய மாத்திரை அப்பாவுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் தேடிப் போக வேண்டியதில்லை.

முதுகுவலிக்காகச் சாப்பிடும் டிசானிடின் மாத்திரையும் இதே நொதி வழியாகத்தான் சிதைகிறது. துறைமுகத்திலும் மண்டிகளிலும் மூட்டை தூக்குகிறவர்கள் பலரிடம் அந்த மாத்திரை இருக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசினோடு அதைச் சேர்க்கவே கூடாது, இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார்கள். இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு இரத்தம் உறையும் நேரம் நீளும். காபி, தேநீரில் உள்ள கஃபீனும் இதனால் உடம்பில் நெடுநேரம் தங்கும். நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவர் இந்த மாத்திரையைச் சாப்பிடும் நாட்களில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று வருவார்.

மருத்துவர் பார்த்து, யோசித்து, இதையே எழுதிக் கொடுத்தால் எப்படிச் சாப்பிடுவது என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் சரியான மருந்தும் சரியாகச் சாப்பிடாததால் வீணாவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, துத்தநாகம் ஆகிய உலோகங்கள் எதுவானாலும் இந்த மருந்தை வயிற்றிலேயே கட்டிப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்துக்குப் போகாது. ஆன்டிபயாடிக்கோடு வயிறு எரியாமல் இருக்க ஜெலுசிலும், பலத்துக்குத் துத்தநாகம் கலந்த விட்டமின் மாத்திரையும், இரத்தத்துக்கு இரும்பு மாத்திரையும் ஒரே கையில் வைத்து ஒரே வாயில் போடுவார்கள். அன்று அவர் சாப்பிட்ட சிப்ரோஃப்ளாக்ஸசினில் பெரும்பகுதி குடலோடு போய்விடும். கிருமி பலவீனமான அளவு மருந்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். சிப்ரோஃப்ளாக்ஸசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால், அல்லது 6 மணி நேரம் பின்னால் சாப்பிட வேண்டும்; லெவோஃப்ளாக்ஸசினுக்கு இரு பக்கமும் 2 மணி நேர இடைவெளி போதும். வயிற்றுக்காக எழுதும் பான்டோபிரசோல் மாத்திரை உலோகம் அல்ல, அதனால் தடை இல்லை. சிப்ரோஃப்ளாக்ஸசினைப் பாலோடோ தயிரோடோ மட்டும் விழுங்க வேண்டாம். முழுச் சாப்பாட்டில் கொஞ்சம் மோர் இருந்தால் பாதகமில்லை. சிறுநீரில் மருந்து படிகமாகாமல் இருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவையே குறைக்க வேண்டியிருக்கும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும் குணமும் உண்டு. காசிமேட்டிலிருந்து படகில் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள் அந்த நாட்களில் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. குதிகாலிலோ தோளிலோ புதிதாக வலி வந்தால், மேலே சொன்ன காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் மருந்தை அதோடு நிறுத்தி, நடையைக் குறைத்து, மருத்துவரை அழையுங்கள். அந்த வலிக்கு வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது மிகப் பெரிய தவறு, வலி மறையும், நாண் அறுபடும்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது முதல் தேர்வு அல்ல. இளம் விலங்குகளின் குருத்தெலும்பில் சேதம் கண்டதால் வந்த எச்சரிக்கை அது. தவிர்க்க முடியாத இடங்களில் குழந்தை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், அது அவர்கள் பொறுப்பில் நடக்க வேண்டும். கண், காது சொட்டு மருந்துகளில் உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு என்பதால் மேலே சொன்ன பயங்கள் பெரும்பாலும் பொருந்தா. திறந்த சொட்டு மருந்தை ஒரு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எங்கள் பக்கத்துத் தவறையும் நான் மறைக்கக் கூடாது. கடை திறந்த ஆரம்ப ஆண்டுகளில், "அண்ணே, வவுத்தால போவுது, ரெண்டு மாத்திர குடுண்ணே" என்று வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒருவர் நின்றால், சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க அவரால் முடியாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் நிலைமை உண்மைதான். ஆனால் அதற்கு நான் கொடுத்த பதில் தவறு, கொடுத்திருக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பத்து நிமிடப் பேச்சும். காய்ச்சலுக்கு 'ஒரு செட்' என்று கேட்டு வாங்கும் வழக்கமும் அப்படியே. பொட்டலத்துக்குள் ஒரு ஃப்ளாக்ஸசினும் ஒரு ஸ்டீராய்டும் ஒரு வலி மாத்திரையும் பெயர் தெரியாமல் சேர்ந்திருக்கலாம். தசைநாணுக்கு அதைவிட மோசமான கூட்டணி இல்லை. என் கடையில் செட் கட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. சட்டமும் இதைத்தான் சொல்கிறது: சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின் எல்லாம் மருந்து விதிகளின் அட்டவணை எச், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, லெவோஃப்ளாக்ஸசினும் மாக்ஸிஃப்ளாக்ஸசினும் 2014 மார்ச் முதல் அதைவிடக் கடுமையான எச்1, வாங்கியவர் பெயரும் எழுதிய மருத்துவர் பெயரும் பதிவேட்டில் ஏறி மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். அட்டையில் ஓடும் சிவப்புக் கோட்டின் பொருளும், மருத்துவர் சொல்லாமல் சாப்பிடாதே என்பதுதான். சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, அம்மாவும் அந்த நான்கு மாத்திரைகளும். ஏழு நாளில் ஐந்து நாளோடு நிறுத்தியது தவறா என்பது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. எழுதிய நாட்கள் முழுதும் சாப்பிட வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள்; இப்போது பல தொற்றுகளில் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, சிறுநீர்த் தொற்றிலும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. எனினும் எத்தனை நாள் என்பது எந்தத் தொற்று, எந்த மருந்து என்பதைப் பொறுத்தது, காசநோயில் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எரிச்சல் நின்றால் நிறுத்தலாமா என்று எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இரண்டு மாதமாக அவர் நன்றாக இருக்கிறார் என்றால் இப்போது மிச்சத்தைச் சாப்பிட்டு முடிக்க வேண்டியதில்லை. மறுபடி எரிச்சல் வந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கல்ச்சருக்குக் கொடுங்கள்; நம் மருத்துவமனைகளில் சோதிக்கப்படும் சிறுநீர்க் கிருமிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த மருந்துக்கு அடங்குவதில்லை, சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் போன்ற பழைய மருந்து நன்றாகக் கேட்கிறது. மிச்ச மாத்திரைகளைக் கழிப்பறையிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். அங்கே போகும் மருந்து பக்கிங்காம் கால்வாயின் கிருமிகளுக்குத்தான் பாடம் எடுக்கும். திடக்கழிவு விதிகளில் காலாவதி மருந்து தனியாகப் பிரிக்க வேண்டிய கழிவாக இருக்கிறது. வேண்டாத மாத்திரைகளையும் அதில் சேர்த்து, அட்டையோடு காகிதத்தில் சுற்றி, 'மருந்து' என்று எழுதி, குப்பை எடுக்க வருகிறவரிடம் தனியாகக் கொடுங்கள். அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது அவருடைய எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், இளைப்பு மாத்திரை அட்டை மேலாக இருக்கட்டும், அதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே காட்டுங்கள்.